கடலைப் பார்க்காதவர்கள் கேட்ட போர்

தொடர் – 17

1812 ஜூன் 4ஆம் தேதி வாஷிங்டனில் பிரதிநிதிகள் சபை கதவைச் சாத்திக்கொண்டு வாக்கெடுத்தது. பிரிட்டன்மீது போர் தொடுக்கலாமா என்பது கேள்வி. ஆதரவு 79, எதிர்ப்பு 49. போருக்குச் சொல்லப்பட்ட முதல் காரணம் கடலில் நடந்த அக்கிரமம். பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் அமெரிக்கச் சரக்குக் கப்பல்களை மறிக்கின்றன, மாலுமிகளைப் பிடித்துப் போகின்றன என்றார்கள். அப்படியானால் கப்பலும் மாலுமியும் மிகுந்த வடகிழக்கு மாநிலங்கள்தானே முதலில் கொதித்திருக்க வேண்டும்? கனெக்டிகட் மாநிலத்தின் 7 உறுப்பினர்களும் போர் வேண்டாம் என்றார்கள். மலைத்தொடருக்கு அப்பால், கடல் வாடையே இல்லாத கென்டக்கியிலும் டென்னசியிலும் போரை எதிர்த்து ஒரு வாக்குகூட விழவில்லை.

இந்தத் தலைகீழ்க் கணக்கைப் புரிந்துகொள்ளச் சில ஆண்டுகள் பின்னே போக வேண்டும்.

சென்ற இதழில் ஜான் ஜே 1794இல் லண்டனில் செய்துகொண்ட ஒப்பந்தத்தைப் பார்த்தோம். உள்நாட்டில் அவருடைய கொடும்பாவியை எரித்தார்கள். ஆனால் அந்த ஒப்பந்தத்தால் காசு பார்த்தவர்கள் கப்பல் முதலாளிகள். அதன் 13ஆம் பிரிவு, கிழக்கிந்தியக் கம்பெனியின் துறைமுகங்களில் அமெரிக்கக் கப்பல்கள் வணிகம் செய்ய இடம் கொடுத்தது. பாஸ்டனிலிருந்தும் சேலத்திலிருந்தும் (மாசசூசெட்ஸின் சேலம், நம்மூருக்கும் அதற்கும் உறவில்லை) புறப்பட்ட கப்பல்கள் கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் வந்து துணி ஏற்றிப் போயின. ஐரோப்பாவில் பிரிட்டனும் பிரான்சும் ஒன்றையொன்று அழிப்பதில் முனைந்திருக்க, இருவருக்கும் சரக்கு சுமக்கும் நடுநிலை நாடாக அமெரிக்கா கொழித்தது. பிறர் வீட்டுச் சண்டையில் வந்த இந்த வருமானம் நிலையானது என்று அந்நாட்டு வணிகர்கள் நம்பிவிட்டார்கள்.

1805 அக்டோபரில் டிரஃபால்கரில் நெல்சன் பிரெஞ்சு, ஸ்பானியக் கப்பல்களை நொறுக்கிய பிறகு கடல் முழுவதும் பிரிட்டன் வசம் போயிற்று. நிலத்தில் நெப்போலியனை அசைக்க முடியவில்லை. இருவரும் நேருக்கு நேர் மோத வழியில்லாததால் ஒருவர் வயிற்றில் மற்றவர் அடிக்கப் பார்த்தார்கள். 1806 நவம்பரில் நெப்போலியன் பெர்லினிலிருந்து ஆணை பிறப்பித்தார்: பிரிட்டனோடு எவரும் வணிகம் செய்யக் கூடாது. 1807இல் லண்டன் தன் பங்குக்கு அரச ஆணைகளை வெளியிட்டது: பிரிட்டனின் அனுமதி இல்லாமல் எவரும் பிரெஞ்சுத் துறைமுகம் பக்கம் போகக் கூடாது. பிரிட்டனுக்குக் கீழ்ப்படிந்த கப்பலைப் பறிமுதல் செய்யலாம் என்று அதே ஆண்டு டிசம்பரில் நெப்போலியன் மிலானிலிருந்து இன்னோர் ஆணை போட்டார். அமெரிக்கக் கப்பல் எந்தப் பக்கம் திரும்பினாலும் யாராவது ஒருவருடைய சட்டத்தை மீறியாக வேண்டும்.

சரக்குப் போனால் காப்பீட்டில் ஈடுகட்டலாம். ஆள் போனால்? பிரிட்டிஷ் கடற்படைக்குத் தீராத ஆள்பசி. 1812இல் அதன் கப்பல்களில் 1,45,000 பேர் வேலை செய்தார்கள். சம்பளம் சொற்பம், சவுக்கடி தாராளம். தப்பி ஓடியவர்கள் அதிகச் சம்பளம் தந்த அமெரிக்கக் கப்பல்களில் ஏறிக்கொண்டார்கள். எனவே பிரிட்டிஷ் கேப்டன்கள் அமெரிக்கச் சரக்குக் கப்பல்களை நிறுத்தி, மாலுமிகளை வரிசையில் நிற்கவைத்து, வேண்டியவர்களை இழுத்துப் போனார்கள். பிரிட்டிஷ் மண்ணில் பிறந்தவன் சாகும்வரை மன்னரின் குடிமகன், வேறு நாடு குடியுரிமை கொடுத்தாலும் செல்லாது என்பது அவர்கள் சட்டம். மொழி ஒன்று, முகம் ஒன்று. யார் லிவர்பூல்காரன், யார் பாஸ்டன்காரன் என்று எப்படிச் சொல்வது? 1796 முதல் அமெரிக்க அரசு மாலுமிகளுக்குக் குடியுரிமைச் சான்று கொடுத்தது. அதைக் கள்ளத்தனமாக விற்பதும் வாங்குவதும் துறைமுகங்களில் சாதாரணம் என்பதால் பிரிட்டிஷ் அதிகாரிகள் அதை மதிக்கவில்லை. இப்படிப் பிடிபட்ட தன் குடிமக்கள் 6,000க்கும் மேல் என்று அமெரிக்க அரசு கணக்குச் சொன்னது. 1806 டிசம்பர் 31இல் லண்டனில் அமெரிக்கத் தூதர்கள் மன்றோவும் பிங்க்னியும் ஒரு புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு அனுப்பினார்கள். ஆள்பிடிப்பு பற்றி அதில் ஒரு வரி இல்லை. ஜனாதிபதி ஜெபர்சன் அதைச் செனட்டுக்கு அனுப்பாமலே ஓரம்கட்டினார்.

சரக்குக் கப்பல்களோடு நின்றிருந்தால் இது இன்னும் பல ஆண்டு புகைந்திருக்கும். 1807 ஜூன் 22 அன்று வர்ஜீனியாவின் நார்ஃபோக் பக்கமிருந்து செசபீக் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் மத்திய தரைக்கடலுக்குப் புறப்பட்டது. தலைவர் கமடோர் ஜேம்ஸ் பாரன். நீண்ட பயணம் என்பதால் மேல்தளம் எங்கும் பெட்டி படுக்கைகள், கயிற்றுச் சுருள்கள், பயணிகளின் தட்டுமுட்டுச் சாமான்கள். போகப் போக ஒழுங்கு செய்துகொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள். பிற்பகலில் 50 பீரங்கிகள் கொண்ட பிரிட்டிஷ் கப்பல் லெப்பர்ட் அருகில் வந்து, கடிதம் இருக்கிறது என்று குரல் கொடுத்தது. கடலில் ஒருவர் கடிதத்தை மற்றவர் சுமந்து போவது வழக்கமான மரியாதை. பாரன் கப்பலை நிறுத்தினார்.

வந்த அதிகாரி கொடுத்த தாள், ஹாலிஃபாக்ஸிலிருந்த வைஸ் அட்மிரல் பெர்க்லியின் உத்தரவு. செசபீக்கில் ஒளிந்திருக்கும் பிரிட்டிஷ் ஓடுகாலிகளைச் சோதனையிட்டுப் பிடிக்க வேண்டுமாம். சரக்குக் கப்பலைச் சோதிப்பது வேறு. ஒரு நாட்டுப் போர்க்கப்பலின் மேல்தளம் அந்த நாட்டு மண் மாதிரி. அதில் ஏறிச் சோதிக்கும் உரிமையை பிரிட்டன்கூட அதுவரை கேட்டதில்லை. அப்படி யாரும் இங்கே இல்லை, என் ஆட்களை வேறொருவர் வரிசையில் நிறுத்திப் பார்க்க விடமாட்டேன் என்று பாரன் எழுதிக் கொடுத்தார். லெப்பர்ட்டின் கேப்டன் ஹம்ஃப்ரீஸ் சிறிது நேரம் காத்திருந்துவிட்டுப் பீரங்கிகளை முழங்க வைத்தார். செசபீக்கில் திருப்பிச் சுட எதுவும் தயாராக இல்லை. பீரங்கிகளைச் சாமான்கள் மறைத்தன. மருந்துக் கொம்புகள் நிரப்பப்படவில்லை. திரியில் நெருப்பில்லை. கால் மணி நேரத்தில் 3 பேர் இறந்தார்கள். பாரன் உட்பட 18 பேர் காயமடைந்தார்கள், அவர்களில் ஒருவர் பின்னர் இறந்தார். கொடியை இறக்கும் நேரத்தில் லெஃப்டினன்ட் வில்லியம் ஹென்றி ஆலன் சமையலறை அடுப்பிலிருந்து ஒரு நெருப்புத் துண்டை எடுத்து வந்து ஒரே ஒரு பீரங்கியைச் சுட்டார். மானத்துக்காகச் சுட்டது அந்த ஒன்றுதான்.

பிரிட்டிஷார் 4 பேரைப் பிடித்துப் போனார்கள். ஜென்கின் ராட்ஃபோர்ட் மட்டுமே உண்மையில் இங்கிலாந்துக்காரர். ஆகஸ்ட் 31இல் ஹாலிஃபாக்ஸில், அவர் விட்டு ஓடிய கப்பலின் பாய்மரக் கட்டையிலேயே தூக்கில் தொங்கவிட்டார்கள். மற்ற மூவரும் அமெரிக்கர்கள். அவர்களில் இருவர் கறுப்பினத்தவர். மூவருமே முன்பு பிரிட்டிஷ் கப்பலொன்றில் இருந்து தப்பியவர்கள். தாங்கள் கட்டாயமாகப் பிடித்து ஏற்றப்பட்டவர்கள் என்று அவர்கள் சொன்னார்கள். வில்லியம் வேர் சிறைப்பட்ட நிலையிலேயே இறந்தார்.

செய்தி கரையைத் தொட்டதும் கூட்டம் திரண்டு பிரிட்டிஷ் கப்பல்களுக்கு வைத்திருந்த தண்ணீர்ப் பீப்பாய்களை உடைத்துப் போட்டது. கட்சி வேறுபாடு இல்லாமல் ஊருக்கு ஊர் கண்டனக் கூட்டங்கள். அன்று ஜெபர்சன் காங்கிரஸைக் கூட்டியிருந்தால் போருக்கு ஒருமித்த ஆதரவு கிடைத்திருக்கும். அவர் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களை அமெரிக்க நீரிலிருந்து வெளியேறச் சொல்லி ஜூலை 2இல் அறிக்கை விட்டார். காங்கிரஸை அக்டோபர் கடைசியில்தான் கூட்டினார். அதற்குள் சூடு ஆறிவிட்டது. அவர் வேண்டுமென்றேதான் ஆறவிட்டார் என்பது என் எண்ணம்.

ஏன்? போர் என்றால் கடற்படை, கடற்படை என்றால் வரி, வரி என்றால் கடன், கடன் என்றால் மன்னராட்சியின் எல்லா நோய்களும் என்பது அவருடைய சித்தாந்தம். ஆட்சிக்கு வந்தபோது 83 மில்லியன் டாலராக இருந்த நாட்டுக் கடனை 57 மில்லியனாகக் குறைத்துவிட்டுத்தான் போனார். பெரிய போர்க்கப்பல்களுக்குப் பதில் கரையோரம் சுற்ற ஒன்றிரண்டு பீரங்கி பொருத்திய சிறு படகுகளை 170க்கும் மேல் கட்டவைத்தார். லெப்பர்ட் போன்ற கப்பலுக்கு முன் அவை எதற்கும் உதவாது.

அவர் நம்பிய ஆயுதம் வேறு. நம் பருத்தியும் கோதுமையும் இல்லாமல் பிரிட்டன் எத்தனை நாள் தாங்கும்? 1807 டிசம்பர் 22இல் வணிகத் தடைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். எந்த அமெரிக்கக் கப்பலும் எந்த வெளிநாட்டுத் துறைமுகத்துக்கும் போகக் கூடாது. நிதியமைச்சர் ஆல்பர்ட் காலட்டின், நிரந்தரத் தடையைவிடப் போரே மேல் என்று எழுதி எச்சரித்தார். பிறகு வேறு வழியின்றி அந்தச் சட்டத்தை அமல்படுத்தும் வேலையும் அவர் தலையில்தான் விழுந்தது.

எதிரிக்குச் சகுனத்தடை ஆக வேண்டும் என்று தன் மூக்கை அறுத்துக்கொண்ட கதைக்கு உலக வரலாற்றில் இதைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியாது. 1807இல் 108 மில்லியன் டாலராக இருந்த ஏற்றுமதி அடுத்த ஆண்டு 22 மில்லியனாகச் சரிந்தது. நியூ இங்கிலாந்துத் துறைமுகங்களில் பாய் இறக்கிய கப்பல்கள் வரிசையாக நின்றன. தெற்கே பருத்தியும் புகையிலையும் கிடங்கில் தேங்கின. நேர்மையான வணிகன் நொடித்துப்போனான். கடத்தல்காரன் கோட்டை கட்டினான். வெர்மான்டிலிருந்து சாம்ப்ளெய்ன் ஏரி வழியே கனடாவுக்கு மரமும் பொட்டாஷும் போயின. 1808 ஆகஸ்டில் பிளாக் ஸ்னேக் என்ற கடத்தல் படகைப் பிடிக்கப் போன அரசுப் படையோடு நடந்த மோதலில் மூவர் இறந்தார்கள். அதற்காக ஒருவர் தூக்கில் ஏறினார். சிறிய அரசாங்கமே நல்ல அரசாங்கம் என்று வாழ்நாளெல்லாம் பேசியவர், சந்தேகத்தின் பேரில் சரக்கைப் பறிமுதல் செய்ய அதிகாரம் தரும் சட்டத்தை 1809 ஜனவரியில் கொண்டுவந்தார்.

பிரிட்டனில் லங்காஷயர் நெசவாளிகள் பட்டினி கிடந்தார்கள். அவர்களுக்கு வாக்குரிமை கிடையாது. ஏற்றுமதியாளர்களுக்கோ தென்னமெரிக்கா என்ற புதுச் சந்தை திறந்துகொண்டது. நெப்போலியன் இதில் வேடிக்கை பார்த்ததோடு நிற்கவில்லை. உங்கள் சட்டப்படி அமெரிக்கக் கப்பல் எதுவும் கடலில் இருக்கக் கூடாதே, அப்படியானால் என் துறைமுகத்தில் இருப்பவை போலியாகத்தான் இருக்க வேண்டும் என்று சொல்லி, 1808 ஏப்ரலில் அவற்றையும் பறிமுதல் செய்யச் சொன்னார். பதவியை விட்டு இறங்குவதற்கு மூன்று நாள் முன்பு, 1809 மார்ச் 1இல், தன் செல்லச் சட்டத்தை நீக்கும் மசோதாவில் ஜெபர்சன் கையெழுத்திட்டார்.

அடுத்து வந்த ஜேம்ஸ் மேடிசன் காலத்துத் தூதரகக் குழப்பங்களை விரிவாகச் சொன்னால் வாசகருக்குத் தலை சுற்றும். சுருக்கம் இதுதான். பிரிட்டிஷ் தூதர் எர்ஸ்கின் 1809 ஏப்ரலில் ஓர் உடன்பாடு செய்தார். மேடிசன் மகிழ்ந்து வணிகத்தைத் திறந்துவிட, நூற்றுக்கணக்கான கப்பல்கள் பாய் விரித்தன. எர்ஸ்கின் தன் அதிகாரத்தை மீறிவிட்டார் என்று லண்டன் அந்த உடன்பாட்டைத் தூக்கியெறிந்தது. 1810இல் காங்கிரஸ் ஒரு விசித்திரமான சட்டம் போட்டது: பிரிட்டன், பிரான்ஸ் இரண்டில் எது தன் தடைகளை முதலில் விலக்குகிறதோ அதோடு வணிகம், மற்றதோடு முறிவு. நெப்போலியன் இப்படிப்பட்ட வாய்ப்பை விடுவாரா? தடைகள் விலகின என்பதுபோல் தொனிக்கும் ஒரு கடிதத்தை 1810 ஆகஸ்ட் 5இல் தன் வெளியுறவு அமைச்சர் மூலம் கொடுக்கவைத்தார். பிடித்து வைத்த அமெரிக்கச் சொத்துகளை விழுங்கும் ரகசிய ஆணையில் அதே நாளில் கையெழுத்துப் போட்டார். மேடிசன் கடிதத்தை நம்பினார், அல்லது நம்புவதுபோல் காட்டிக்கொண்டார். இரண்டாவதுதான் உண்மை என்று நினைக்கிறேன். பிரிட்டனை நெருக்க அவருக்கு ஒரு சாக்கு தேவைப்பட்டது.

இதற்கிடையே மேற்கே வேறொரு நெருப்பு. ஷானி இனத் தலைவர் டெகம்சே பூர்வகுடி இனங்களை ஒரே அணியாகத் திரட்டிக்கொண்டிருந்தார். அவருடைய சகோதரர் சமயத் தலைவர். டெகம்சே தெற்கே போயிருந்த சமயம் பார்த்து, இந்தியானா கவர்னர் வில்லியம் ஹென்றி ஹாரிசன் அவர்களுடைய ஊரை நோக்கிப் படையோடு போனார். 1811 நவம்பர் 7 விடியலுக்கு முன் டிப்பகனூ ஆற்றருகே நடந்த சண்டையில் இரு பக்கமும் பலத்த இழப்பு. ஊரை எரித்துவிட்டு ஹாரிசன் வெற்றி என்று அறிவித்துக்கொண்டார். அந்த மக்களின் நிலத்தை ஒப்பந்தம் என்ற பெயரில் பறித்துக்கொண்டே போனதுதான் பகையின் வேர். ஆனால் எல்லைப்புறக் குடியேறிகள் அப்படிப் பார்க்கவில்லை. துப்பாக்கி கொடுத்துத் தூண்டிவிடுவது கனடாவிலிருக்கும் பிரிட்டிஷார்தான் என்று நம்பினார்கள்.

அதே மாதம் கூடிய புதிய காங்கிரஸில், முதல் நாளே, 34 வயது ஹென்றி கிளே சபாநாயகர் ஆனார். கென்டக்கிக்காரர். தென் கரோலினாவின் ஜான் கால்ஹூன், டென்னசியின் ஃபெலிக்ஸ் கிரண்டி எல்லாம் அவர் அணி. போர்ப் பருந்துகள் என்று அவர்களுக்குப் பெயர். விடுதலைப் போரை நடத்திய தலைமுறைக்குப் பிறகு வளர்ந்த இவர்கள், தங்கள் காலத்தில் நாடு அடி வாங்கிக்கொண்டு அறிக்கை விடுவதை மட்டுமே பார்த்தவர்கள்.

இப்போது தலைகீழ்க் கணக்கின் விடை தெரியும். பாஸ்டன் வணிகருக்குக் கப்பல் பறிமுதல் என்பது தொழிலில் வரும் நஷ்டங்களில் ஒன்று. ஐரோப்பியப் போரால் சரக்கின் விலை அவ்வளவு ஏறியிருந்தது. சில கப்பல் போனாலும் கரை சேர்ந்தவை ஈடுகட்டின. போர் வந்தால் ஒன்றுகூடப் போகாது. தடைச் சட்டத்தால் அவர்கள் பட்ட அடிக்கு முன் பிரிட்டன் கொடுத்த அடி சிறியது என்பதும் அவர்கள் எண்ணம். மேற்கத்தியனுக்கு இழக்கக் கப்பல் இல்லை. விளைபொருள் விலை சரிந்ததற்கும், பூர்வகுடிகளின் எதிர்ப்புக்கும், நாட்டின் மானம் போனதற்கும் அவனுக்கு ஒரே குற்றவாளி பிரிட்டன். கனடா மீது ஆசைப்பட்டுத்தான் போர் வந்தது என்று எழுதும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. எனக்கு அது பாதிதான் சரியாகப் படுகிறது. கடலில் பிரிட்டனைத் தொட முடியாது. நடந்தே போய்த் தொடக்கூடிய பிரிட்டிஷ் சொத்து கனடா ஒன்றுதான். அது இலக்கு என்பதைவிட, கைக்கு எட்டிய பணயம்.

அந்தப் பணயத்தைப் பிடிக்கவாவது தயாரானார்களா? நாட்டின் வங்கியின் உரிமத்தை 1811இல் புதுப்பிக்காமல் விட்டார்கள். செனட்டில் 17க்கு 17 என்று சமன் ஆக, துணை ஜனாதிபதி ஜார்ஜ் கிளின்டன் எதிர்த்து வாக்களித்து முடித்துவைத்தார். போருக்குக் கடன் வாங்க வேண்டிய நேரத்தில் வங்கி இல்லை. 1812 ஜனவரியில் 10 புதிய போர்க்கப்பல்கள் கட்டும் யோசனையை 62க்கு 59 என்று தோற்கடித்தார்கள். கடலின் உரிமைக்காகப் போர் என்றவர்கள் கப்பலுக்குக் காசு தர மறுத்தார்கள்!

இந்தத் தயக்கத்துக்கு நடுவே வந்து சேர்ந்தது ஒரு மோசடி. அயர்லாந்தில் பிறந்த ஜான் ஹென்றி என்பவரை, நியூ இங்கிலாந்தில் பிரிவினை எண்ணம் எவ்வளவு என்று வேவு பார்க்க 1809இல் கனடாவின் கவர்னர் ஜேம்ஸ் கிரெய்க் அனுப்பியிருந்தார். சன்மானம் கேட்டு லண்டன் போன ஹென்றிக்குக் கைவிரிப்புதான் கிடைத்தது. திரும்பும் கப்பலில் எடுவார்ட் டி கிரியோன் என்ற பிரெஞ்சுப் பிரபுவைச் சந்தித்தார். ஹென்றி வேவு பார்த்து கிரெய்க்குக்கு எழுதிய கடிதங்களை வாஷிங்டனில் விற்றுத் தருகிறேன் என்றார் பிரபு. 1812 பிப்ரவரியில் மேடிசனும், வெளியுறவு அமைச்சராகியிருந்த மன்றோவும் 50,000 டாலர் கொடுத்து வாங்கினார்கள். ஜனாதிபதியின் இரண்டு ஆண்டுச் சம்பளம் அது. எதிர்க்கட்சியான ஃபெடரலிஸ்டுகளின் துரோகம் அம்பலமாகும் என்று எண்ணி மார்ச் 9இல் காங்கிரஸுக்கு அனுப்பினார்கள். படித்துப் பார்த்தால், யாருடைய பெயரும் இல்லை. நாளிதழ் படிக்கும் எவரும் எழுதக்கூடிய பொதுச் செய்திகள்தான். அதற்குள் ஹென்றி பிரான்சுக்குக் கப்பல் ஏறிவிட்டார். அவர் கையிலிருந்த பணத்தில் பெரும்பகுதியைப் பிரான்சில் ஒரு பண்ணை வீட்டைக் கிரயம் செய்து தருவதாகச் சொல்லிக் கிரியோன் வாங்கிக்கொண்டிருந்தார். போய்ப் பார்த்தால் அப்படி ஒரு பண்ணையே இல்லை. கிரியோன் என்ற பிரபுவும் இல்லை. அவர் பெயர் சூபிரான், தேர்ந்த ஏமாற்றுக்காரர்.

ஜூன் 1இல் மேடிசன் தன் செய்தியைக் காங்கிரஸுக்கு அனுப்பினார். ஆள்பிடிப்பு முதலில், அரச ஆணைகள் அடுத்து, பூர்வகுடிகளைத் தூண்டுவது கடைசியில். ஜூன் 17இல் செனட் 19க்கு 13 என்று ஒப்புக்கொண்டது. 18இல் கையெழுத்து. சிறிய வட்டத் தொப்பியும் அதில் பெரிய ரிப்பன் பூவுமாக மேடிசன் போர்த் துறை, கடற்படை அலுவலகங்களுக்கு நேரில் போய் ஊழியர்களை உற்சாகப்படுத்தினாராம்.

அட்லான்டிக்குக்கு அப்பால் என்ன நடந்தது? அரச ஆணைகளை விடாப்பிடியாகக் காத்த பிரதமர் ஸ்பென்சர் பெர்சிவலை மே 11இல் நாடாளுமன்ற முன்கூடத்தில், சொந்தக் குறை கொண்ட ஒருவன் சுட்டுக் கொன்றான். மோசமான விளைச்சல், முடங்கிய ஆலைகள், இயந்திரங்களை உடைக்கும் தொழிலாளர்கள் என்று நாடு தவித்தது. உற்பத்தியாளர்கள் அமெரிக்கச் சந்தையைத் திறக்கச் சொல்லி மன்றாடினார்கள். ஜூன் 16இல் அரச ஆணைகளை நிறுத்திவைப்பதாக வெளியுறவு அமைச்சர் காஸில்ரே அறிவித்தார். 23இல் முறைப்படி ரத்து. அதாவது செனட் வாக்களித்தது, அறிவிப்பு வந்த மறுநாள். கப்பல் கடலைக் கடக்க வாரக்கணக்கில் ஆகும் காலம். ஜெபர்சனின் பொருளாதார ஆயுதம் கடைசியில் வேலை செய்தது என்று சொல்பவர்கள் உண்டு. வேலை செய்த செய்தி வந்து சேர்வதற்குள் போர் மூண்டுவிட்டது. செய்தி வந்த பிறகும், ஆள்பிடிப்பு நிற்கவில்லையே என்று மேடிசன் போரைத் தொடர்ந்தார். ஜூன் 24இல் நெப்போலியன் நீமன் ஆற்றைக் கடந்து ரஷ்யாவுக்குள் போனார். பிரிட்டனின் கைகள் ஐரோப்பாவில் கட்டுண்டு கிடக்கும் என்று வாஷிங்டன் போட்ட கணக்கு அவரை நம்பித்தான்.

செய்தியின் தாமதம் அமெரிக்கர்களையும் விடவில்லை. கனடாவுக்குள் நுழையவிருந்த மேற்குப் படையின் தளபதி வில்லியம் ஹல், ஓஹையோவின் காடுகளையும் சதுப்பு நிலத்தையும் கடந்து டெட்ராய்ட் நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். போர் மூண்டதைச் சொல்லும் கடிதத்தைப் போர்த் துறை அவருக்குச் சாதாரணத் தபாலில் அனுப்பியது. எல்லைக்கு அப்பால் கனடாவிலிருந்த பிரிட்டிஷாருக்கு வணிகர்களின் தூதர்கள் மூலம் முன்பே தெரிந்துவிட்டது. போர் வந்தது தெரியாத ஹல், தன் படையின் மூட்டைகளையும் ஆள் பட்டியலையும் ரகசியக் காகிதங்களையும் கயாஹோகா என்ற கப்பலில் ஏற்றி முன்னால் அனுப்பினார். ஜூலை 2இல் கடிதம் அவர் கைக்கு வந்தது. அதே நாளில் கயாஹோகா, சரக்கும் காகிதங்களுமாக, பிரிட்டிஷார் கைக்குப் போனது. டெட்ராய்ட்டில் அவருக்கு நேர்ந்ததை அடுத்த இதழில் பார்ப்போம்.